பழியும் ஊர்ப்பேச்சும்

இறைவன் திருமுன் கைகூப்பி நிற்கும் வேளையிலும் நம்மிற் பலரை ஓர் அச்சம் விட்டு அகலுவதில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதே அது. தகுதிக்கு மீறிக் கடன்பட்டு மணவினை நடத்துவோரும், செய்யத்தக்க நன்மையைச் செய்யாது ஒதுங்குவோரும் இவ்வச்சத்துக்கு ஆட்பட்டோரே.

பழிக்கு அஞ்சுதல் நம் முன்னோர் போற்றிய பண்பாயிற்றே, அதனைக் கைவிடலாமோ எனச் சிலர் வினவலாம். கைவிடலாகாது. ஆயினும் பழி வேறு, ஊர்ப்பேச்சு வேறு. பழி நம் செயலில் உள்ளது; பேச்சு பிறர் நாவில் உள்ளது. முன்னதற்கு அஞ்சுவோன் தீமையினின்று விலகுவான். பின்னதற்கு அஞ்சுவோன் நன்மையினின்றும் விலகுவான்.

இவ்வேறுபாட்டை வாழ்ந்து காட்டியவர் இராமாநுசரின் ஆசாரியரான பெரிய நம்பி. ஆளவந்தாரின் சீடரும், தாழ்ந்ததெனக் கருதப்பட்ட குலத்திற் பிறந்தவருமான மாறனேரி நம்பி பரமபதித்தபோது, அவருக்குரிய ஈமக்கடனைப் பெரிய நம்பி தம் கையாலேயே ஆற்றினார். திருவரங்கத்தார் சினந்து அவரை ஒதுக்கி, அவர்தம் இல்லத்து வாயிலை முள்ளிட்டு அடைத்தனர் என்று குருபரம்பரை வரலாறு கூறும். இராமாநுசர் காரணம் வினவியபோது அவர் வெகுளவில்லை. சடாயுவுக்கு இராமபிரான் செய்த கடனை எடுத்துக்காட்டி அமைதியாக விடையிறுத்தார். பின்னர் அவர் திருமகளார் அத்துழாய் முறையிட, பெருமாளின் திருத்தேர் அவ்வில்லத்தின் முன் நகராது நின்றது என்பர்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. தேர் நின்றது பின்னர். ஈமக்கடன் நிகழ்ந்தது முன்னர். தம் செயல் மெய்ப்பிக்கப்படும் என்ற உறுதி கிட்டிய பின்னரா அவர் துணிந்தார்? இல்லை. செய்வது அறம் என்னும் தெளிவே அவருக்குப் போதுமாயிற்று.

லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறும் அன்பர்கள் இதற்கு மற்றுமொரு சான்றைக் கண்ணாரக் காணலாம். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் அணைப்பணி 1887ஆம் ஆண்டு தொடங்கியது. ஆற்றிடை எழுப்பிய தடுப்புகளை வெள்ளம் வாரிச் சென்றது. பலர் காண நேரும் தோல்வியினும் ஏளனத்துக்கு இடந்தருவது பிறிதுண்டோ? எனினும் பொறியாளர் பென்னிகுவிக் பணியைக் கைவிடவில்லை. 1895ஆம் ஆண்டு அணை நிறைவெய்தியது. அவர் மறைந்தது 1911ஆம் ஆண்டு. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது 2013ஆம் ஆண்டு. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15இல் இன்று பள்ளத்தாக்கு மக்கள் பொங்கலிட்டு வணங்குகின்றனர். அவ்வணக்கத்தை அவர் கண்டாரில்லை. அதற்காக அவர் உழைத்தாருமில்லை.

ஆதலின், ஊர்ப்பேச்சு நம்மை அச்சுறுத்தும்போது மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்வோமாக. இச்செயல் எவர்க்கேனும் தீங்கு பயக்குமா? சான்றோர் சென்ற நெறிக்கு இஃது ஒத்ததா? நல்லெண்ணத்துடன் காரணம் கேட்பார்க்கு ஒளியாது விடை கூறல் இயலுமா? இவற்றுக்கு நேரிய விடை கிடைக்குமாயின் பழி இல்லை. எஞ்சுவது பேச்சு மட்டுமே. அது காற்றோடு போகும்.

இறுதியாக ஒன்று. நமக்கு அச்சந்தரும் அந்த நாலு பேருள், அயலார்க்கு நாமும் ஒருவரே. பிறர் வாயிலில் நம் நாவால் முள்ளிடாதிருப்போமாக. அதுவே அச்சமற்ற ஊருக்கு முதற்படி.