ஜெடாய்: கதையிலிருந்து சமயம் பிறக்குமா?

2001 ஏப்ரல் 29 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 3,90,127 பேர் தங்கள் சமயம் ‘ஜெடாய்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜார்ஜ் லூகாஸ் 1977இல் தொடங்கிவைத்த ‘ஸ்டார் வார்ஸ்’ படவரிசையில் ஒளிவாள் ஏந்தி வரும் துறவி வீரர்களின் பெயர் அது. அந்தக் கணக்கெடுப்பில் தங்களைச் சீக்கியர் என்று சொன்னவர்களைவிட, யூதர், பௌத்தர் என்று சொன்னவர்களைவிட ஜெடாய்கள் அதிகம். பிரைட்டன் நகரில் மட்டும் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கு மேல் அப்படி எழுதியிருந்தார்கள்.

இதற்குப் பின்னால் இருந்தது ஒரு மின்னஞ்சல் வதந்தி. பத்தாயிரம் பேர் ஒரே பெயரை எழுதிவிட்டால் அரசு அதைச் சமயமாக அங்கீகரித்தே ஆகவேண்டும் என்று அது சொன்னது. அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. ஆனால் அந்த ஆண்டுதான் அந்நாட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் சமயம் பற்றிய கேள்வி முதன்முதலாக இடம்பெற்றது. விரும்பினால் பதில் சொல்லலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். விளையாட்டுக்கு அது வசதியாகப் போயிற்று. புள்ளிவிவர அலுவலகமும் விளையாட்டைக் கெடுக்கவில்லை. ஜெடாய் என்ற பதிலுக்கு 896 என்ற குறியீட்டெண்ணை ஒதுக்கி எண்ணியது. வழக்கமாகப் படிவம் நிரப்புவதைத் தட்டிக்கழிக்கும் இளைஞர்கள் இதனால் ஆர்வத்தோடு நிரப்பியிருக்கலாம் என்றுகூடச் சொன்னது.

எண்ணிய பிறகு எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. பிரிட்டன் அவர்களை ‘சமயம் இல்லை’ என்ற 77 லட்சம் பேரோடு சேர்த்தது. அதே ஆண்டு மார்ச்சில் நியூசிலாந்தில் 53,000க்கு மேற்பட்டோர், ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பேர், இதே பதிலைத் தந்திருந்தார்கள். அங்கே அது ‘பதில் புரிகிறது, ஆனால் எண்ணப்படாது’ என்ற வகையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவல் தந்தால் ஆயிரம் டாலர் வரை தண்டம் என்று எச்சரித்தும் 70,000க்கு மேற்பட்டோர் எழுதினார்கள். அங்கே அது ‘வரையறுக்கப்படாதது’ ஆயிற்று. இதனால் பின்னாளில் அந்நாட்டு நாத்திகர் அமைப்பே, கேலிக்காக ஜெடாய் என்று எழுதி சமயமற்றோர் எண்ணிக்கையைக் குறைத்துவிடாதீர்கள் என்று பரப்புரை செய்ய வேண்டியிருந்தது. சமயம் என்றால் என்ன என்று வரையறுக்க யாரும் உட்காரவில்லை. ஆனாலும் மூன்று நாட்டு எழுத்தர்கள் மூன்று விதமாக அதை வரையறுத்து முடித்திருந்தார்கள்.

நையாண்டி செய்தவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இன்னொரு சிறு கூட்டம் தெரியும். அவர்கள் இதை விளையாட்டாகச் சொல்வதில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டார் வார்ஸ் உலகத்தில் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகள் வந்தன. ஜெடாய் ஒழுகவேண்டிய நெறியை வாசகங்களாக்கி முதலில் அச்சிட்டவை இத்தகைய விளையாட்டு நூல்களே. அவற்றை வைத்து ஆடியவர்களில் சிலர், ஆட்டம் முடிந்த பிறகும் அந்த நெறியை விடாமல் வைத்துக்கொண்டார்கள். சினம் அடக்குவது, தினமும் தியானம் செய்வது, பிறருக்குத் தொண்டு செய்வது என்று அதை வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய அமைப்புகளில் பெயர்பெற்றது, 2005இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பதிவான ‘ஜெடாய் நெறி ஆலயம்’. அங்கே பயிற்சிப் பாடங்கள் உண்டு, படிநிலைகள் உண்டு, சமயப் பணியாளர்கள் உண்டு, வழிபாட்டுரைகள் உண்டு. அவர்களுடைய நம்பிக்கை அறிக்கையின் ஒரு பகுதி, புனித பிரான்சிஸ் அசிசியாரின் அமைதி மன்றாட்டைத் தழுவியது. மத்தியகாலத் துறவியின் பெயரில் வழங்கும் அந்த மன்றாட்டே 1912இல் ஒரு பிரெஞ்சு இதழில்தான் முதன்முதலில் அச்சில் வந்தது என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. பழையது என்று நம்பப்படுபவை எல்லாம் பழையவை அல்ல.

இவர்கள் நம்புவது எதை? படங்களில் ‘ஃபோர்ஸ்’ எனப்படும் ஆற்றலை. எல்லா உயிர்களிலிருந்தும் எழுந்து, அவற்றைச் சூழ்ந்து, அண்டத்தைப் பிணைத்து நிற்பது அது. அதற்கு உருவமில்லை, அது யாருக்கும் கட்டளையிடுவதுமில்லை. 1960களில் கனடாவின் ஆர்தர் லிப்செட் எடுத்த ‘21-87’ என்ற குறும்படத்தில், இயற்கையைக் கண்டு நிற்கையில் மனிதர்கள் ஏதோ ஓர் ஆற்றலை உணர்கிறார்கள் என்று ஓர் உரையாடல் வருகிறது. அதன் எதிரொலிதான் தம்முடைய சொல் என்று லூகாஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார். மெதடிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்தவர், ஜோசப் கேம்பலின் தொன்ம ஆய்வுகளில் தோய்ந்தவர். இளைஞர்களிடம் குறிப்பிட்ட ஒரு சமயத்தை அல்ல, ஆன்மிக நாட்டத்தை எழுப்பவே அதைப் படத்தில் வைத்ததாக 1999இல் சொன்னார். அதாவது ஒரு சமயத்தை நிறுவும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

அதே 1999இல் வந்த ‘தி ஃபேண்டம் மெனஸ்’ படம் இந்த ஆற்றலின் மேல் கைவைத்தது. அதில் குவை-கான் என்ற ஜெடாய், அனகின் என்ற அடிமைச் சிறுவனிடமிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்க அனுப்புகிறான். உயிரணுக்களுக்குள் வாழும் ‘மிடி-குளோரியன்’ என்ற நுண்ணுயிர்களின் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டுகிறது; ஜெடாய்களின் மூத்த ஆசான் யோடாவுக்கே அத்தனை இல்லை என்கிறார்கள். திரையில் சிறிது நேரமே ஓடும் காட்சி. ஆனால் ரசிகர்களிடையே அது மூட்டிய சண்டை இருபது ஆண்டு ஓயவில்லை. அறிவியல் விளக்கம் வந்து மர்மத்தைக் கெடுத்துவிட்டது என்பது பலரும் சொன்ன குறை. அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. பழைய படங்களில் ஃபோர்ஸ் பயிற்சிக்கும் மன ஒருமைக்கும் வசப்படுவதாகத் தோன்றியது. இப்போது அது இரத்தத்தில் பிறவியோடு வருவதாயிற்று. தகுதி முயற்சியால் வருவதா, பிறப்பால் வருவதா என்ற கேள்வி சமய வரலாற்றில் எத்தனை பழையது என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பின்வந்த படங்களில் இரண்டு இந்தக் கேள்வியில்தான் எதிரெதிர்த் திசையில் இழுத்தன. 2017இல் ‘தி லாஸ்ட் ஜெடாய்’, நாயகி ரேயின் பெற்றோர் பெயரற்ற எளியவர்கள் என்றது. கடைசிக் காட்சியில், குதிரை லாயம் கூட்டும் ஒரு சிறுவனின் கைக்குத் துடைப்பம் தானாக வந்து சேர்கிறது. 2019இல் ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ அதே ரேயைப் படவரிசையின் வில்லனான பேரரசனின் பேத்தியாக்கியது. எந்தப் படம் சரி என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து மோதியதை வெறும் சினிமாச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. அருள் யாருக்கு உரியது என்பதைத்தான் அவர்கள் வேறு சொற்களில் வாதிட்டார்கள். ஜெடாய் நெறியைக் கடைப்பிடிப்போரின் கோட்பாட்டில் இரத்தச் சோதனைக்கு இடமில்லை. படம் சொன்னதில் தங்களுக்கு வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டார்கள்.

அப்படி விடமுடிகிறது என்பதே அடுத்த சிக்கலுக்குக் கொண்டுவிடுகிறது. புனைவு என்று தெரிந்தே ஒன்றை நம்ப முடியுமா? லைடன் பல்கலைக்கழகத்தின் மார்க்குஸ் டேவிட்சன் இத்தகையவற்றைப் ‘புனைவு சார்ந்த சமயங்கள்’ என்கிறார். ஆஸ்திரேலியாவின் கரோல் குசாக் 2010இல் எழுதிய நூலில் ‘கண்டுபிடிக்கப்பட்ட சமயங்கள்’ என்கிறார். ஜெடாய் இதில் முதலாவதும் அல்ல. ராபர்ட் ஹைன்லைன் 1961இல் எழுதிய ‘ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’ நாவலிலிருந்து மறு ஆண்டே ‘சர்ச் ஆஃப் ஆல் வேர்ல்ட்ஸ்’ பிறந்துவிட்டது. ஜெடாய் நெறியாளர்களுடைய நிலைப்பாடு எளிது. படநாயகன் லூக் ஸ்கைவாக்கர் என்று ஒருவன் வாழ்ந்தான் என்று அவர்கள் யாரும் சொல்வதில்லை. கதை பொய், ஆனால் கதை சுட்டும் ஆற்றல் மெய் என்கிறார்கள். புத்தரின் முற்பிறவிக் கதைகளில் பேசும் குரங்கும் மானும் வந்தனவா என்று எந்தப் பௌத்தரும் சாட்சி தேடுவதில்லை. இயேசு சொன்ன ஊதாரி மகனுக்கு முகவரி கேட்ட கிறிஸ்தவரும் இல்லை. ஆகவே கதை கற்பனை என்பதால் மட்டும் ஒரு நெறி சமயமாகாது போய்விடாது. ஆனால் அந்தக் கதைகளைச் சொன்னவர் வாழ்ந்தார், போதித்தார் என்று அச்சமயங்கள் சொல்கின்றன. ஜெடாய் நெறியில் கதை சொன்னவர் ஒரு திரைப்பட இயக்குநர், அவரோ எதையும் போதிக்க முற்படவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கடவுள் இல்லாதது சமயமாகுமா என்ற கேள்வி இவ்வளவு கடினமில்லை. சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் படைப்புக் கடவுள் கிடையாது. இதையே சுட்டி, சமயத்துக்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1954இல் சென்னை மாநிலச் சட்டம் தொடர்பான ஷிரூர் மடம் வழக்கிலேயே சொல்லிவிட்டது. பிரிட்டன் இந்த இடத்துக்கு வர நாளாயிற்று. 2006ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டம், கடவுள் நம்பிக்கை இல்லாத சமயமும் சமயமே என்றது. 2013 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரான் ஹப்பர்ட் நிறுவிய சயன்டாலஜியின் கூடத்தைத் திருமணம் நடத்தத்தக்க வழிபாட்டிடமாக ஏற்றது. அறக்கட்டளைப் பதிவு மட்டும் அதே சயன்டாலஜிக்கு 1999இல் மறுக்கப்பட்டிருந்தது. ஒரே அமைப்பு மணமேடைக்குச் சமயம், வரிச்சலுகைக்குச் சமயம் அல்ல.

இந்தப் பின்னணியில்தான் ஜெடாய் நெறி ஆலயம் இங்கிலாந்து, வேல்ஸ் அறக்கட்டளை ஆணையத்திடம் விண்ணப்பித்தது. 2016 டிசம்பர் 16 அன்று ஆணையம் மறுத்தது. படத்திலிருந்து வந்தது என்பதை அது காரணமாக்கவில்லை. கேட்ட கேள்விகள் வேறு. உலகியலைக் கடந்த ஒன்றில் நம்பிக்கை உண்டா? அந்த ஒன்றோடு நம்புகிறவரை வழிபாட்டாலோ வேறு விதத்தாலோ உறவுபடுத்தும் நடைமுறை உண்டா? நம்பிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தி, கனமுடையவையாக நிற்கின்றனவா? பொதுமக்களுக்கு நன்மை தரும் ஒழுக்கநெறி அதிலிருந்து கிளைக்கிறதா? ஃபோர்ஸை ஆன்மிகமாகக் கொள்வோரும் உண்டு, வெறும் உலகியல் உவமையாகக் கொள்வோரும் உண்டு, இரண்டும் ஆலயத்துக்குச் சம்மதம் என்பதை ஆணையம் கவனித்தது. வேறு சமயத்தில் இருந்துகொண்டே ஜெடாயாகவும் இருக்கலாம், சமயமே வேண்டாம் என்பவரும் இருக்கலாம். அப்படியானால் இது சமயமாக அன்றி வாழ்க்கைமுறைத் தெரிவாகவும் ஏற்கத்தக்கது என்று முடித்தது.

இந்தத் தீர்ப்பை எதிர்க்க ஒரு நல்ல வாதம் உண்டு. இதே ஆணையம் 2010இல் ‘ட்ரூயிட் நெட்வொர்க்’ அமைப்பைச் சமயமாக ஏற்றது. ட்ரூயிடுகளுக்கும் ஒரே வேதம் இல்லை, ஒரே தெய்வம் இல்லை, அவரவர் விருப்பத்துக்கு நிறைய இடமுண்டு. ஆனால் இயற்கையைப் புனிதமாகப் போற்றுவது எல்லோருக்கும் பொது, அதைச் சுற்றிச் சடங்குகளும் பொது. ஜெடாய் ஆலயம் தோற்றது இந்த இடத்தில்தான். தன்னை யாரும் புண்படாதபடி அகலமாக வைத்துக்கொண்டது. இதை மறுத்தால் நீ ஜெடாய் அல்ல என்று சொல்லத்தக்க எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆணையத்தின் அளவுகோல் கிறிஸ்தவச் சபையின் சாயலில் வெட்டப்பட்டது என்ற குறை நியாயமானதே. அந்த அளவுகோலால் அளந்தால் நாட்டார் வழிபாடுகள் பலவும் தேறமாட்டா. ஆயினும் நாட்டார் தெய்வத்துக்குக் கொடை தவறினால் ஊர் அஞ்சும். ஃபோர்ஸுக்கு ஒரு நாள் தியானம் தவறினால் அஞ்ச ஒன்றுமில்லை.

கட்டுப்பாடு பற்றிய இந்தக் கேள்வி 2009இல் வேடிக்கையாகவும் எழுந்தது. வேல்ஸின் பேங்கர் நகரில் ஜெடாய் சபையொன்றின் நிறுவனரை, தலைமூடியை எடுத்தால்தான் பொருள் வாங்கலாம் என்று ஒரு பேரங்காடியில் நிறுத்தினார்கள். பொது இடத்தில் தலையை மூடுவது தம் சமய நெறி என்றார் அவர். படங்களின் ஜெடாய்களான ஓபி-வானும் யோடாவும் லூக்கும் மூடியின்றித் தலைகாட்டியிருக்கிறார்களே என்று அங்காடி பதில் அறிக்கை விட்டது. சிரிப்பு ஒருபுறம் இருக்க, கடைக்காரர்கள் செய்தது வேத விளக்கம். நெறியைச் சபை சொன்னது, கடை படத்தைச் சான்றுக்கு அழைத்தது.

படத்துக்கே கடைசி அதிகாரம் என்றால் அது யாருடைய கையில் இருக்கிறது என்பதும் கேட்கவேண்டியதாகிறது. 2012 அக்டோபரில் டிஸ்னி நிறுவனம் லூகாஸ் ஃபிலிமை ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நூற்றுக்கணக்கான நாவல்களும் படக்கதைகளும் இனி அதிகாரபூர்வக் கதையில் சேரா என்று நிறுவனம் அறிவித்தது. அவை ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனிப் பெயரில் விற்பனைக்கு மட்டும் நீடித்தன. பழைய சமயங்களில் எந்த நூல் திருமுறையில் சேரும், எது சேராது என்று சங்கங்கள் கூடித் தலைமுறைகள் வாதிட்டு முடிவுகட்டிய வேலை, இங்கே ஒரு செய்தி அறிக்கையில் முடிந்தது. நாவல்களில் வளர்ந்த ரசிகர்கள் கொதித்தார்கள். ஜெடாய் நெறியாளர்களை இது அவ்வளவாகப் பாதிக்கவில்லை, ஏனெனில் அவர்கள் தங்கள் கோட்பாட்டை முன்னரே படங்களிலிருந்து பிரித்து எழுதிவைத்திருந்தார்கள். ஆனால் கதையிலிருந்து அப்படிப் பிரித்த பிறகு மிஞ்சுவது தியானமும் நற்பண்பும் பொதுவான ஓர் ஆன்மிக உணர்வும்தான். அதற்கு ஜெடாய் என்ற பெயர் எதற்கு என்ற கேள்விக்கு அவர்களிடம் வலுவான விடை இல்லை.

மறுப்பினால் யாருடைய நம்பிக்கைக்கும் தடை வந்துவிடவில்லை. கிடைக்காமல் போனது அறக்கட்டளைத் தகுதியும் அதன் வரிச்சலுகையும் மட்டுமே. அமெரிக்காவில் அதே ஆலயத்துக்கு 2015இலேயே வரிவிலக்கு கிடைத்துவிட்டது. அங்கே அரசு சமயத்தின் உள்ளடக்கத்தை எடைபோடத் தயங்கும். கணக்கெடுப்பு எண்ணிக்கையோ சரிந்துகொண்டே வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011இல் 1,76,632 ஆகக் குறைந்த ஜெடாய்கள், 2021இல் ஏறத்தாழ 1,600 பேர். அதே இருபது ஆண்டில் ‘சமயம் இல்லை’ என்று நேரடியாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து முப்பத்தேழு ஆனார்கள். 2001இல் கேலியாகச் சொன்னதை வெளிப்படையாகவே சொல்ல இப்போது கூச்சமில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த 1,600 பேரில் விசுவாசிகள் எத்தனை, பழைய வேடிக்கையை விடாதவர்கள் எத்தனை என்று பிரித்துக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.