யுமிர் ஏன் அடங்கிக் கிடந்தாள்?

ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, ஏரன் செஞ்சது சரிதானே? அவங்களுக்கு வேற என்ன வழி?" அம்பேத்கரைப் படிக்கக் கூடிய இடத்தில் ஜப்பான் கார்ட்டூனைப் பேசுகிறானே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது கார்ட்டூனைப் பற்றி அல்ல.

'அட்டாக் ஆன் டைட்டன்' ஹாஜிமே இசயாமா 2009இல் தொடங்கி 2021இல் முடித்த சித்திரக்கதை. 2013 முதல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. 2023இல் ஒளிபரப்பான கடைசி இரண்டு நீண்ட பகுதிகளைச் சேர்த்து 2024 நவம்பரில் 'தி லாஸ்ட் அட்டாக்' என்ற படமாக ஜப்பான் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் கூடவே வந்தவர்களுக்கு இதுதான் கடைசிப் பந்தி. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கதையில் எல்டியர் என்றொரு இனம். மார்லி நாட்டில் மதிலுக்குள் அடைக்கப்பட்ட குடியிருப்பு, கையில் அடையாளப் பட்டை, வெளியே போக அனுமதிச் சீட்டு. இவர்கள் ரத்தத்தில் டைட்டனாக மாறும் சக்தி இருக்கிறதாம், மூதாதையர் உலகத்தை அழித்தார்களாம். ஆகவே பிறப்பே குற்றம். இது நமக்குப் புரிய உரையாசிரியர் யாரும் தேவையில்லை.

ஜப்பானுக்கும் இது புதிதல்ல. தோல் வேலை, இறைச்சி வேலை என்று சொல்லி ஒதுக்கப்பட்ட புராகு மக்கள் அங்கே உண்டு. 1871இல் அரசாணை இழிபெயரைச் சட்டத்திலிருந்து எடுத்தது. ஊரின் மனசிலிருந்து எடுக்கவில்லை. புராகு ஊர்களின் பட்டியலை அச்சடித்து, வேலைக்கு வருகிறவன் எந்த ஊர்க்காரன் என்று பார்க்கக் கம்பெனிகளுக்கு விற்றது 1975இல் அம்பலமானது. ஆனால் அந்த மக்கள் கை கட்டிக் காத்திருக்கவில்லை. 1922இலேயே கியோத்தோவில் கூடிச் சுய்ஹெய்ஷா இயக்கத்தைக் கட்டினார்கள்.

கதையிலும் ஒரு தலைமறைவு இயக்கம் இருக்கிறது. காட்டிக்கொடுக்கப்பட்டு அழிகிறது. அதற்குப் பிறகு கதை மக்களை நம்பவில்லை, ஒரு பையனின் கோபத்தை நம்பியது. ஏரன் டைட்டன்களை நடக்கவிட்டு உலகத்தில் நூற்றுக்கு 80 பேரைக் கொல்கிறான். மிதிபட்டவர்களில் கூடாரத்தில் கிடந்த அகதிச் சிறுவன் ராம்சியும் ஒருவன். அவன் முன்னால் அழுது மன்னிப்புக் கேட்டவன்தான் ஏரன். கேட்டுவிட்டும் கொன்றான். தம்பிக்கு என் பதில் இதுதான்: ஆண்டவன் மட்டும் சாகவில்லையடா, நம்மைப் போன்றவனும் செத்தான்.

சித்திரக்கதையில் நண்பன் ஆர்மின் இதற்கு ஏரனிடம் நன்றி சொல்கிறான். பலர் கொதித்தார்கள். திரையில் அதை மாற்றி, பாவத்தில் எனக்கும் பங்குண்டு என்று பேச வைத்தார்கள். நல்லது. ஆனால் யுமிரை மாற்றவில்லையே.

யுமிர் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அடிமைச் சிறுமி. டைட்டன் சக்தி முதலில் கிடைத்தது அவளுக்குத்தான். அரசன் அவளை வைத்து நிலம் திருத்தினான், போர் செய்தான், மூன்று பிள்ளைகள் பெற வைத்தான். செத்த உடலையும் மகள்களைத் தின்ன வைத்தான். செத்த பிறகும் அவள் அவன் ஏவலைச் செய்துகொண்டிருந்தாள். ஏன்? கதை சொல்லும் விடை: அவள் அவனைக் காதலித்தாளாம்! மிகாசா தான் நேசித்த ஏரனைக் கொல்வதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விடுதலையாம்.

அடிமை மனம் என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது சாட்டை போட்ட தழும்பு. தழும்பைக் காட்டி, இதனால்தான் அடி விழுந்தது என்று சொல்லலாமா? 'அவங்களே விரும்பித்தானே செய்றாங்க' என்று மலம் அள்ளும் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறவனின் நியாயமும் இதுதான். என் ஏமாற்றம் ரசிகையின் ஏமாற்றம் மட்டுமல்ல.

பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி. ஏரன், மிகாசா, ஆர்மின் மூவரும் இன்றைய பள்ளிப் பிள்ளைகளாக, இதே படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறார்கள். இசயாமா தன் புத்தகங்களில் வேடிக்கையாக வரைந்த 'ஸ்கூல் காஸ்ட்' பிள்ளைகள் அவர்கள். வகுப்பறையின் மேல் கீழைச் சொல்ல ஜப்பானியர் வைத்துக்கொண்ட சொல் அது. நம் நாட்டுச் சாதிக்கு வெள்ளைக்காரன் சொன்ன பேர், அங்கே பள்ளிக்கூட வேடிக்கை.

தம்பி விடவில்லை. "அப்ப யுமிர் கதைய எப்படித்தான் முடிக்கிறது?"

"பன்றிப்பட்டியத் தொறந்துவிட்டான்னுதானே அவமேல நாய ஏவித் தொரத்துனாங்க? அங்கேருந்து எழுதிப் பாரு" என்றேன்.