வாயில்லா உயிருக்கு நாம் பட்ட கடன்

ஆவினைப் பேணுவது அறத்தின்பாற்பட்டதா, ஆதாயத்தின்பாற்பட்டதா? நல்ல தீவனமிட்டு, நோயகற்றி, தொழுவத்தைத் தூய்மையாக வைத்தால் பால் பெருகும். பால் பெருகினால் பொருள் பெருகும். எனவே, பசுவைக் காக்கப் பண்ணையாளனின் தன்னலமே போதும் என்பர் சிலர். இக்கூற்று ஆராயத்தக்கது.

பிரிட்டனில் நிகழ்ந்ததை நோக்குவோம். குறைந்த செலவில் புரதம் சேர்க்கும் பொருட்டு, கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்த மாவை அங்குப் பசுக்களின் தீவனத்தில் கலந்தனர். புல்லை அசைபோடப் பிறந்த உயிர் தன் இனத்தின் ஊனையே உண்ண நேர்ந்தது. 1986இல் 'பைத்திய மாட்டு நோய்' என மக்கள் அழைத்த மூளை நோய் கண்டறியப்பட்டது. 1988இல் அத்தீவனம் தடை செய்யப்பட்டது. அந்நோய் மனிதரையும் பற்றியிருக்கக்கூடும் என்று 1996இல் அரசு அறிவித்தது. நோயைத் தடுக்க 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன. ஆதாயம் விலையை மட்டுமே கணக்கிட்டது. 'இஃது இவ்வுயிருக்கு ஏற்ற உணவா?' என்று கேட்டிருக்க வேண்டியது அறமாகும்.

அங்கே தன்னலம் தொலைநோக்கின்றித் தவறியது என்று கொள்வோம். தொலைநோக்கு இருந்தாலும் அது தவறும் இடங்கள் உள. மடிவீக்க நோய்க்கு மருந்திட்ட பசுவின் பாலைக் குறித்த நாள்கள் வரை விற்கலாகாது. ஆயினும், மருந்து கலந்த பாலைக் கண்ணும் நாவும் அறிய மாட்டா. கொட்டினால் நட்டம், விற்றால் குற்றம். சாணக் கழிவும் அத்தகையதே. புல்வெளிக்கு இட்டால் அஃது எரு. மூடிய கலனில் நொதித்தால் எரிவாயு. ஓடையில் விட்டாலோ நீரில் உயிர்வளி குன்றி மீன்கள் மடியும். ஆனால், அத்தீங்கு விட்டவனைச் சேராது. கீழே வாழ்பவரையே சேரும். இலாபம் ஒருவனுக்கும் கேடு பிறருக்கும் ஆகுமிடத்தில் தன்னலம் காவலாகாது.

அங்ஙனமாயின், இழப்பு முழுவதையும் பண்ணையாளன் ஒருவனே சுமப்பது முறையா? அன்று. பால் தூய்மையாகவும் இருக்க வேண்டும், மலிவாகவும் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் நாமும் அக்கடனில் பங்காளிகளே. நேர்மையாகக் கறந்த பாலுக்கு உரிய விலை தர மறுப்பவர், நேர்மையற்ற பாலைப் பழிக்கும் தகுதியை இழக்கின்றனர்.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த மனுநீதிச் சோழன் வரலாற்றை நம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அரசனின் நீதியைப் போற்றுவதோடு நின்றுவிடலாகாது. இன்றைய தொழுவங்களில் அம்மணி இல்லை. பசுவின் முறையீட்டை அது முறையிடாமலே கேட்கும் செவி வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பிப்போமாக.