மதில் தாண்டிய கிளை

அண்டை வீட்டாரோடு மூளும் பிணக்குகளுள் பெரும்பாலானவை மிகச் சிறிய காரணங்களிலிருந்தே பிறக்கின்றன. தாம்பரம், பல்லாவரம் போன்ற சென்னைப் புறநகர்களில் அரைக் கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ வீடு கட்டி, கொல்லையில் ஒரு மாவும் ஒரு வேம்பும் ஒரு முருங்கையும் வைத்து வாழும் குடும்பங்கள் இதனை நன்கறியும். கன்றாயிருந்தபோது மதிலோரம் அடக்கமாக நின்ற மரம், பத்தாண்டுகளில் மதிலுக்கு மேலே கை நீட்டுகிறது. வேப்பஞ்சருகு அடுத்த வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. மழைக்காலத்தில் முருங்கையிலிருந்து இறங்கும் கம்பளிப்பூச்சி, கொடியில் உலரும் குழந்தையின் சட்டையில் ஏறுகிறது. பிறகு ஒருநாள், மரத்துக்குரியவர் வெளியூர் சென்றிருக்கும் வேளையில், அரிவாள் விழுகிறது. அன்றோடு இரு வீட்டாருக்குமிடையே ஸலாமும் நின்றுவிடுகிறது, வணக்கமும் நின்றுவிடுகிறது.

வெட்டியவர் தவறு செய்தாரா?

சட்டத்தைக் கேட்டால் ‘இல்லை’ என்றே விடை வரும். லெம்மன் என்பவருக்கும் வெப் என்பவருக்கும் இடையே இங்கிலாந்தில் நடந்த வழக்கில், பிரபுக்கள் சபை இதனைத் தெளிவாக்கியது. தன் நிலத்தின்மேல் நீண்டுவரும் கிளையை, அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காமல் வெட்ட இயலுமாயின், முன்னறிவிப்பின்றியே ஒருவர் வெட்டிவிடலாம் என்பது அத்தீர்ப்பு. ஆனால் எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஓரங்குலமும் வெட்டலாகாது. அங்குள்ள சட்டப்படி வெட்டிய கிளையும் அதிலுள்ள கனியும் மரத்துக்குரியவருக்கே சொந்தம். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைத் தழுவி வளர்ந்த நம் நாட்டுச் சட்டமும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. ஆக, வெட்டும் உரிமை உண்டு. சொல்லிவிட்டு வெட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்காகச் சட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை. மனிதரை நல்ல அயலாராக்குவது நீதிபதியின் பணியன்று.

உதுமானியப் பேரரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் அறிஞர் குழுவொன்று, ஹனஃபி ஃபிக்ஹை அடிப்படையாகக் கொண்டு, 1869 முதல் 1876 வரை தொகுத்தளித்த ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பும் இதே வினாவை எடுத்துக்கொள்கிறது. ஒருவர் தோட்டத்து மரக்கிளை அடுத்தவர் வீட்டின்மீதோ தோட்டத்தின்மீதோ நீண்டால், அக்கிளையைக் கயிற்றால் இழுத்துக் கட்டச் செய்தோ வெட்டச் செய்தோ தம் வெளியை விடுவித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்பது அதன் 1196ஆம் விதியின் கருத்து. ஆனால் மரத்தின் நிழல் பயிருக்குக் கேடு செய்கிறது என்று முறையிட்டால், அதற்காக மரத்தை வெட்ட இயலாது என்றும் அவ்விதி கூறுகிறது. கிளை பிறர் வெளியை அடைத்துக்கொள்கிறது, நிழல் அடைத்துக்கொள்வதில்லை. எத்துணை நுட்பமான பிரிவினை! நம் ஊர் வெயிலில் நிழல்மீது வழக்குத் தொடுப்பார் யார் என்று முன்பு கேட்டிருக்கலாம். மாடியில் சூரிய ஒளித் தகடு பதித்திருப்போர் பெருகிவிட்ட இந்நாளில் அவ்வாறு கேட்பதற்கில்லை. அது நிற்க. வெட்டுவதற்கு முன்னால் கட்டுவதை அவ்விதி சொல்லியிருப்பதே நம் கருத்தைக் கவர்கிறது.

அபூதாவூத் தொகுப்பில் இடம்பெறும் நிகழ்ச்சியொன்று இங்கே நினைவுக்கு வரும். ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் சில பேரீச்ச மரங்கள் இருந்தன. மரங்களைக் காண அவர்கள் வந்துபோவது தோட்டத்துக்குரியவரின் குடும்பத்துக்குத் தொல்லையாயிற்று. மரங்களை விற்றுவிடுமாறு அன்ஸாரி கேட்டார், மறுக்கப்பட்டது. வேறிடத்து மரங்களுக்கு மாற்றிக்கொள்ளக் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. விஷயம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. அண்ணலாரும் விற்கச் சொன்னார்கள், மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், நன்மையை நாடி அன்பளிப்பாகக் கொடுத்துவிடவும் சொன்னார்கள். எதற்கும் இசைவு கிட்டாத பின்னரே, இது பிறருக்குத் தீங்கிழைக்கும் போக்கு என்று கூறி, மரங்களைப் பெயர்த்தெறியுமாறு அன்ஸாரிக்கு ஆணையிட்டார்கள். தொல்லை தரும் மரத்தை அகற்றலாம் என்பதற்கு இதனைச் சான்று காட்டுவோர், காட்டட்டும். ஆயினும் மரத்தின்மீது கை வைக்கப்படுவதற்கு முன் எத்தனை முறை வாய்ச்சொல் சென்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுமன்றோ?

பேச வேண்டும் என்பதற்கு மரத்தின் உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க மரநோயியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ, நம் தோல் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை என்பதை விளக்கிக் காட்டியவர். காயம்பட்ட பகுதியை மரம் உள்ளுக்குள் சுவரெழுப்பித் தனிமைப்படுத்துகிறது. அதற்கு மேல் புதிய கட்டையை வளர்த்து மூடுகிறது. கிளை தாய்மரத்தோடு சேருமிடத்தில் சற்றே புடைத்த கழுத்து ஒன்று உண்டு. அக்கழுத்தைக் காயப்படுத்தாமல் அதனை ஒட்டி வெளியே வெட்டினால் மரம் எளிதில் மூடிக்கொள்ளும். நடுக்கிளையில் வெட்டினால் மொட்டைக்கட்டை எஞ்சி, அதன் வழியே அழுகல் உள்ளே இறங்கும். அந்தக் கழுத்தோ பெரும்பாலும் மதிலுக்கு அப்பால், மரத்துக்குரியவரின் மண்ணில்தான் இருக்கிறது! சட்டம் அனுமதிக்கும் கோட்டில் நின்று வெட்டுபவர், மரத்துக்கு ஆகாத இடத்தில் வெட்டுகிறார். பளுவான கிளையாயின், முதலில் அடிப்பக்கத்தில் அறுத்துக்கொள்ளாமல் மேலிருந்து வெட்டினால் பட்டை நெடுக உரிந்து விழும். ஒரே பக்கம் மொட்டையடிக்கப்பட்ட மரத்தின் எடை மறுபக்கம் சாய்கிறது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களைக் கண்டவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. (முருங்கை மட்டும் இதற்கு விலக்கு. எப்படி வெட்டினாலும் துளிர்க்கும்.) ஆக, கிளையை ஒழுங்காக வெட்ட விரும்புபவர், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். தம் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவரால் அரைகுறை வேலையே செய்ய முடியும்.

இதுகாறும் கிளை தாங்குபவரைப் பற்றியே பேசினோம். மரத்துக்குரியவரை நாம் எளிதில் விட்டுவிடுவதற்கில்லை. மரம் நடுவது ஸதகா. அதிலிருந்து பறவையும் மனிதரும் உண்பதெல்லாம் நட்டவருக்கு நன்மை என்ற நபிமொழியை இத்தகையோர் அழகாக எடுத்தோதுவர். ஆனால் பழம் தம் கூடையிலும் சருகு பிறர் தொட்டியிலுமாக விழும்போது, அந்த நபிமொழியைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு என்ன உரிமை? அடுத்த வீட்டார் கேட்கும்வரை காத்திருப்பதே ஒருவகை அலட்சியம். ஆண்டுக்கொரு முறை மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று தம் மரத்தை அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? வெட்டுகூலியை மரத்துக்குரியவரே கொடுப்பதுதான் முறை என்பது நம் கருத்து. கனி அவருடையதாயின் கூலியும் அவருடையதே.

அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் இவ்வுரிமைகள் ஒன்றே. உறவினரான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் ‘அன்னிஸா’ அத்தியாயத்தின் 36ஆம் வசனம் அடுத்தடுத்தே வைக்கிறது. வீட்டில் மௌத்து நேர்ந்த இரவில் முதலில் ஓடிவருபவர், கடல் கடந்து வாழும் மகன் அல்லர். மதிலுக்கு அப்பால் இருப்பவரே. ஒரு கிளைக்காக அந்த மனிதரை இழப்பது எத்தகைய கணக்கு?

முருங்கைக் கிளை வெட்டப்படும் நாளில், கட்டை விரலினும் பருத்த நல்ல போத்து ஒன்றை உரியவரிடம் கேட்டு வாங்கி இந்தப் பக்கமும் ஊன்றலாம். எவரும் மறுப்பதில்லை. மதிலிலிருந்து பத்தடி தள்ளி ஊன்றுவது நல்லது.