முன்னறிதலின் அறம்

நோயை முற்கூட்டியே அறிவது நன்று என்பதை ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகவே நாம் கொள்கின்றோம். அவ்வுண்மையின் எல்லை யாது என்பதை ஆராய்வதற்குச் சூலகப் புற்றுநோய் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். தொடக்கத்தில் தெளிவான அறிகுறி காட்டாத இந்நோய், பெரும்பாலும் வயிற்றறையிற் பரவிய பின்னரே வெளிப்படுகின்றது.

இக்குறையை நீக்கும் நோக்குடன் ஒளியியல் உயிருணரிகள் ஆராயப்படுகின்றன. இவற்றுள் ஒருவகையில், மெல்லிய பொற்படலமொன்றின் மீது பிறபொருளெதிரிகளை நிலைநிறுத்தி, மறுபக்கத்தில் ஒளியைச் செலுத்துவர். குருதியிலுள்ள சீஏ 125 என்னும் புரதம் அவற்றோடு பிணையும்போது படலத்தை அடுத்த முறிவுச்சுட்டி மாறுகின்றது. தெறித்து மீளும் ஒளி அம்மாற்றத்தைப் புலப்படுத்துகின்றது. ஆயின் சீஏ 125 புற்றுநோய்க்கே உரியதன்று. மாதவிடாயிலும் கருத்தரிப்பிலுங்கூட அது உயரக்கூடும். நுண்மையாக அளக்கப்பட்டது என்பதனால் ஓர் அளவீடு உறுதியான பொருள் உடையதாகிவிடாது.

10,000 பெண்களுள் நால்வருக்கு நோய் உண்டெனவும், நோயற்றோரில் நூற்றுக்கு இருவரையே சோதனை தவறாகச் சுட்டுமெனவும் வைத்துக்கொள்வோம். நால்வரையும் அது கண்டுபிடித்தாலும், அவர்களோடு ஏறத்தாழ 200 பேர் வீணே அச்சத்துள் தள்ளப்படுவர். இது வெறுங் கணக்கன்று. சீஏ 125 சோதனையையும் மீயொலிப் படத்தையும் கொண்டு ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்து, 2011 இல் முடிவு வெளியான ஆய்வில், தவறாகச் சுட்டப்பட்ட 3,285 பெண்களுள் 1,080 பேர் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டனர். அவர்களுள் 163 பேர் கடுஞ் சிக்கல்களுக்கு ஆளாயினர். ஐக்கிய இராச்சியத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடையே நடந்த ஆய்வின் முடிவுகள் 2021 இல் வெளிவந்தன. ஆராயப்பட்ட இரு முறைகளுள் ஒன்று நோயை முந்திய நிலையிற் கூடுதலாகக் கண்டறிந்தது. எனினும் எம்முறையாலும் மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

ஓருயிர் காக்கப்படுமாயின் இருநூறு பேரின் அச்சம் பெரிதோ எனச் சிலர் வினவலாம். அவ்வோருயிர் மெய்யாகவே காக்கப்படுகின்றதா என்பது முதலில் நிறுவப்படல் வேண்டும். நிறுவப்பட்ட பின்னரும் ஒரு வேறுபாடு எஞ்சும். நோயுற்று வருபவள் தன் துன்பத்தின் பொருட்டு மருத்துவரை நாடுகிறாள். நலமாயிருப்பவளையோ நாமே அழைக்கின்றோம். அழைத்தவர்க்குப் பொறுப்பு அதிகம். நேரக்கூடிய தீங்கை மறைத்துப் பெறும் சம்மதம் சம்மதமாகாது.

இதனால் ஆய்வைக் கைவிடுக என்பது கருத்தன்று. பரம்பரையால் இடர் மிக்கோரிடம் மேற்கூறிய கணக்கே வேறாகும். நாம் வேண்டுவது, உணரியின் சிறப்பை அது காட்டும் மிகச்சிறு அளவைக் கொண்டன்றி, அதனால் நீளும் வாழ்நாளைக் கொண்டு மதிப்பிடல் வேண்டும் என்பதே. செயலுக்கு வழிகாட்டாத அறிவு, அறிந்தவர்க்குச் சுமையாகவே முடியும்.