அங்க ஒனக்கு இன்னா வேல?

வருகிற ஜனவரியில் கேப் டவுன் போகிறேன். நில உரிமை பற்றிய ஒரு கூட்டம், நான்கு நாள். அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் காலியாக விட்டு, 'கடற்கரை அல்லது ஓய்வு' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒற்றை வரி ரெண்டு வாரமாக என்னைப் படுத்துகிறது. நில உரிமை பற்றிப் பேச வேண்டிய கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். இந்த அரை நாளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். ஆப்பிரிக்கா என்றதும் பயந்தது. கூட்டம் என்றதும் சமாதானமானது. "அப்படியே பீச்சுக்கும் போயிட்டு வரலாம்னு இருக்கேம்மா" என்றபோதுதான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

"அங்க ஒனக்கு இன்னா வேல?"

அம்மா வெகுளியாகத்தான் கேட்டது. ஆனால் இந்தக் கேள்வியை வேறொரு குரலில் கேட்டவள் நான். ஒன்பது பத்து வயதிருக்கும். தேர்முட்டியில் தேருக்கு வர்ணம் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கலாமென்று ஊர்த்தெருவுக்குள் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கூப்பிட்டு, "ஒனக்கு இன்னாடி இங்க வேல?" என்றார். சாணி அள்ள வந்தேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். நெல் தூற்றக் கூப்பிட்டார்கள் என்றிருந்தால் வழிகூடக் காட்டியிருப்பார். நான் உண்மையைச் சொன்னேன்: "சும்மாதான் வந்தேன்." அந்தச் 'சும்மா'வுக்குத்தான் அடி விழுந்தது.

தீண்டாமை என்றால் ஒரு உடம்பு ஓர் இடத்துக்குள் வரக்கூடாது என்பதாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். அது பாதிதான். அதே தெருவுக்குள் பறையடிக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் சாக்கடை வாரவும் நம்மைக் கூப்பிட்டார்கள். வேலையோடு வந்தால் அதே உடம்பு, வாசலில் ஒதுங்கி நிற்கிற வரைக்கும், பொறுத்துக்கொள்ளப்பட்டது. வேலையில்லாமல், வேடிக்கை பார்க்க, காற்று வாங்க, சும்மா வருவதுதான் குற்றம்.

தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள் இதை எவ்வளவு சுத்தமாகச் சட்டமாக்கினார்கள் என்று பாருங்கள். கேப் டவுன் ரயில் நிலையத்தில் வெள்ளையருக்கான காத்திருப்பு அறையில் ஒரு கறுப்பர் நுழைந்த வழக்கில், பிரித்து வைத்தால் வசதியாவது சமமாக இருக்க வேண்டும் என்கிற பொருளில் உயர்மட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அரசாங்கம் உடனே 1953இல் தனித்தனி வசதிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரித்தும் வைப்போம், சமமாகவும் வைக்க வேண்டியதில்லை என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது. (நம்மாட்கள் இதையெல்லாம் எழுதிவைத்து மாட்டிக்கொள்வதில்லை, இரட்டைக் குவளைக்கு ஏது அரசாணை?) 1960இல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் கடலோரத்துக்கும் நீட்டினார்கள். மணலிலும் பலகை முளைத்தது: வெள்ளையர் மட்டும்.

ஆனால் வெள்ளைக்காரர் வீட்டுக் குழந்தையை வளர்த்தது கறுப்புத் தாதிதான். பீட்டர் மகுபேன் 1956இல் ஜொகன்னஸ்பர்க்கில் எடுத்த புகைப்படம் ஒன்று உலகமெங்கும் போனது. 'ஐரோப்பியர் மட்டும்' என்று எழுதிய பெஞ்சில் ஒரு வெள்ளைச் சிறுமி. பின்பக்கம் உட்கார்ந்திருக்கிற தாதியின் கை அந்தக் குழந்தையின் தலையைத் தடவுகிறது. தொடலாம். பிள்ளையைத் தொட்டு வளர்க்கலாம். அந்தப் பெஞ்சில் மட்டும் உட்காரக்கூடாது. உட்கார்வது வேலையில்லை அல்லவா!

எம்.ஏ. வகுப்பில் தாயுமானவர் நடத்தும்போது 'சும்மா இருத்தல்' எவ்வளவு பெரிய ஞானம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார்கள். எனக்கு அப்போது ஒன்றும் ஏறவில்லை. சும்மா இருப்பதை எங்கள் தெருவில் யாரும் ஞானம் என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்கம்மா ஒரு நாள் களையெடுக்கப் போகாமல் படுத்தால் அது 'திமிரு'. ஆண்டை திண்ணையில் நாளெல்லாம் சாய்ந்திருந்தால் அது நிறைவு. ஒரே செயலின்மைக்கு ரெண்டு பெயர். இந்தத் தத்துவத்தை யார் உழைப்பின்மேல் உட்கார்ந்துகொண்டு பேசினார்கள் என்று அன்று கேட்கத் தெரியவில்லை, இன்று கேட்கிறேன். அதே சமயம், சும்மா இருத்தலை மேட்டுக்குடிச் சரக்கு என்று தூக்கியெறியவும் எனக்கு மனசில்லை. எறிந்துவிட்டால் அது அவர்களுக்கே சொந்தமாகப் போய்விடும்.

இயக்கத்தில் மூத்த தோழர் ஒருவர். அவரிடம் இந்த அரை நாளைப் பற்றிக் கேட்டேன். கோபமே வந்துவிட்டது அவருக்கு. "ராபன் தீவுக்குப் போ. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தைப் பாரு. மண்டேலா பதினெட்டு வருஷம் கெடந்த சிறைய உட்டுட்டு மணல்ல உருளப் போறியா?" என்றார். நியாயம்தான். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பெயர்த்து எறிந்தார்கள். நிலம் பற்றிப் பேசப் போகிறவள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது, பார்ப்பேன்.

ஆனால் தோழரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தது ஒன்று உண்டு. நாம் எங்கே போனாலும் சாவு வீட்டுக்குப் போவதுபோலத்தான் போக வேண்டுமா? மேல்சாதிக்காரர் வெளிநாடு போனால் சுற்றுலா. நாம் போனால் வலி யாத்திரை. அதுவும் ஒரு வேலைதான். 'ஒனக்கு இன்னா வேல' என்று கேட்டால் 'துக்கம் விசாரிக்க வந்தேன்' என்று பதில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மகாடில் 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் செத்துப்போவோம் என்பதற்காக இல்லை, நாமும் மனிதர் என்று நிலைநாட்டவே என்று அவரே விளக்கியிருக்கிறார். சரி. ஆனால் அள்ளிக் குடித்த ஆயிரக்கணக்கானவர்களில் மார்ச் வெயிலில் நடந்து வந்து, 'அப்பா, என்னமா இருக்கு தண்ணி' என்று சொன்னவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டாரா? இருந்திருப்பார். அந்த ருசியை நாம் எழுதவில்லை. உரிமையை எழுதினோம்.

1989 ஆகஸ்ட் 19 அன்று கேப் டவுனில் நடந்ததும் மகாட் மாதிரிதான். டெஸ்மண்ட் டூட்டு உட்படப் பலர் ஸ்ட்ராண்ட், ப்ளூபெர்க்ஸ்ட்ராண்ட் என்கிற ரெண்டு வெள்ளையர் கடற்கரைகளுக்குப் போனார்கள். ஆயுதம் இல்லை. துண்டு, சாப்பாடு, பிள்ளைகள். கடற்கரைக்குப் போவதுதான் போராட்டம். நாய்களையும் சவுக்குகளையும் கொண்டு போலீஸ் விரட்டியது. ப்ளூபெர்க்ஸ்ட்ராண்ட் அட்லாண்டிக் கரை. எதிரே விரிகுடாவுக்கு அந்தப்பக்கம் மேசை மலை தட்டையாகத் தெரியும், அங்கிருந்து ராபன் தீவும் தெரியும். தீவில் இருந்த கைதிகளும் ஒரு காலத்தில் கடலோரத்தில் நின்றவர்கள்தான், கடற்பாசி வாரும் வேலையாக. அதே கடல், அதே கறுப்பு உடம்பு. பாசி வாரினால் தண்டனை நிறைவேறுகிறது, கால் நனைத்தால் சட்டம் மீறப்படுகிறது. அந்த ஆண்டு நவம்பரில் கடற்கரைகள் எல்லோருக்கும் என்று டி க்ளார்க் அறிவித்தார். 1990 அக்டோபரில் சட்டமே ஒழிந்தது.

பலகை போயிற்று. சரி, அப்புறம்?

கிளிஃப்டன் என்று ஒரு இடம், கேம்ப்ஸ் பேக்குப் பக்கத்தில். பெரிய பெரிய கருங்கல் பாறைகள் பிரித்து வைத்த நான்கு சின்னக் கடற்கரைகள். நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே மலைச்சரிவில் நாட்டிலேயே அதிக விலைபோகும் வீடுகள். சாலையிலிருந்து வீடுகளுக்கு நடுவே படிக்கட்டில் இறங்கித்தான் மணலுக்குப் போக வேண்டும். 2018 டிசம்பர் 23 அன்று சாயங்காலம் எட்டு மணி வாக்கில், கோடைக் காலமாதலால் வெளிச்சம் முழுக்கப் போயிருக்காது, நான்காம் கடற்கரையில் இருந்தவர்களை ஒரு தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் வெளியே போகச் சொன்னார்கள். காரணம் 'பாதுகாப்பு'. கறுப்பர்களை விரட்டத்தான் என்று ஜனங்கள் கொதித்தார்கள். அப்படி விரட்ட அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்று நகராட்சி சொன்னது. டிசம்பர் 28 அன்று போராட்டக்காரர்கள் அதே மணலில் ஓர் ஆட்டை அறுத்தார்கள், இனவெறித் தீட்டைக் கழிக்க என்று. மிருகங்களுக்காகப் பேசுகிறவர்கள் எதிர்ப் பதாகையோடு வந்து நின்றார்கள். ஆட்டுக்காக வந்தவர்களில் எத்தனை பேர் 23ஆம் தேதி மனிதருக்காக வந்தார்கள் என்று அங்கே பலர் கேட்டார்கள். இந்தக் கேள்வியை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லை.

எனக்கு நெஞ்சில் நின்றது அந்தத் தீட்டுதான். மகாடில் நாம் தொட்டுவிட்டோம் என்று சாணியும் கோமியமும் மந்திரமும் கொண்டு சாதி இந்துக்கள் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். கிளிஃப்டனில் விரட்டப்பட்டவர்கள் தரப்பிலிருந்து, நீங்கள் இந்த மணலை அசுத்தப்படுத்திவிட்டீர்கள் என்று சொல்லிக் கழுவினார்கள். தீட்டின் திசையைத் திருப்பிவிட்டார்கள். நாம் ஏன் ஒரு நாளும் ஊர்த்தெருவைக் கழுவிவிடவில்லை?

ஆகவே கிளிஃப்டன் போவது என்று முடிவு செய்தேன். விசாரித்ததில் தெரிந்தது: தென்கிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் நாளிலும் அங்கே மறைவாக இருக்கும். தண்ணீர் மட்டும், நடுக்கோடையிலும் எலும்பு நடுங்கும் குளிர். பெங்குவேலா நீரோட்டம் ஒரு காரணம். அந்தக் காற்று மேல்தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்தண்ணீர் மேலே வந்துவிடுவது இன்னொரு காரணம். நகரத்திலிருந்து சீ பாயிண்ட் வழியாகப் பேருந்து உண்டு. சீ பாயிண்டில் ட்ராம்வே சாலை என்கிற இடத்தில் கலப்பினக் குடும்பங்கள் இருந்தன, அவர்களையும் அறுபதுகளின் தொடக்கத்துக்குள் காலி செய்துவிட்டார்கள். நான் போகிற பேருந்து அந்தப் பக்கமாகத்தான் போகும்.

கூட்டம் நடத்தும் குழுவில் ஒரு பெண் இருக்கிறார், கயெலிட்ஷாக்காரர். கயெலிட்ஷா என்றால் அவர்கள் மொழியில் புது வீடு. எண்பதுகளில் கறுப்பர்களைக் கொண்டுபோய்க் கொட்ட அரசாங்கம் உண்டாக்கிய குடியிருப்பு. நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். என்னோடு கிளிஃப்டன் வருகிறீர்களா, சேர்ந்து உட்காரலாம் என்று பெரிய நினைப்போடு எழுதினேன். அவர் எழுதிய பதிலின் சாரம் இது: "எங்கம்மா கேம்ப்ஸ் பேயில் இருபது வருஷம் வீட்டு வேலை செய்தார். வாரத்தில் ஆறு நாள் அந்தக் கடலைப் பார்த்தார். ஏழாவது நாளும் எதற்கு? எனக்கும் அந்த இடம் வேலை நாற்றம்தான் அடிக்கிறது. நீங்கள் போய் வாருங்கள். எங்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் மோன்வாபிசிக்குக் கூட்டிப்போகிறேன்."

மோன்வாபிசி கயெலிட்ஷாவை ஒட்டிய கடற்கரை, ஃபால்ஸ் பே பக்கம். பலகை வைத்த காலத்தில் கறுப்பர்களுக்கு என்று கட்டிக் கொடுத்தது. அலை இழுக்கும் இடம், பலர் மூழ்கிச் செத்திருக்கிறார்கள். நல்ல மணலை அவர்கள் வைத்துக்கொண்டு சாகிற கடலை இவர்களுக்குக் கொடுத்தார்கள். சுடுகாட்டுப் பக்கத்தில் நமக்குக் காலனி கட்டிக் கொடுத்தது போலத்தான்.

அந்தக் கடிதம் என்னைத் தலையில் தட்டியது. நுழைவது உரிமை என்றால், போகமாட்டேன் என்பதும் உரிமைதானே. நான் போய் உட்கார்ந்தால் அவர் அம்மாவுக்காக உட்கார்வதாக ஆகாது. எனக்காக மட்டும்தான். அதுவும் எந்த 'எனக்காக'? அங்கே என்னைப் பார்க்கிறவருக்கு நான் தலித் இல்லை, 'இந்தியர்'. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டத்துக்குப் போன கூலிகளில் ஆரம்பித்த ஒரு பெயர் அது. கப்பல் பதிவேடுகளில் சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது, நம்மாட்களும் அதில் எழுதப்பட்டார்கள். பிறகு நிறவெறி ஆட்சி எல்லோரையும் ஒரே கட்டத்தில் போட்டு, வெள்ளைக்குக் கீழே, கறுப்புக்கு மேலே வைத்தது. டர்பன் கடற்கரையில் இந்தியருக்கு என்று தனி மணல் இருந்தது. 2001இல் அதே டர்பனில், ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதியைப் பற்றிப் பேசாதே என்று இந்திய அரசாங்கம் அடம்பிடித்தது, நம் தோழர்கள் வாசலில் பறையடித்தார்கள்.

கையில் கூட்டக்காரர்கள் கொடுக்கும் படிக்காசு, சட்டைப்பையில் இந்தியக் கடவுச்சீட்டு. இவற்றோடு கிளிஃப்டன் படியில் இறங்கினால் என்னை யாரும் 'இன்னா வேல' என்று கேட்கமாட்டார்கள். சாதி தெரியாத ஊரில் அரை நாள். அது சுகமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுகத்தில் எவ்வளவு சும்மா, எவ்வளவு மேலே ஏறிக்கொண்டது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தெரிந்த தோழர்கள் எழுதலாம்.

கடைசியில் கயெலிட்ஷாக்காரருக்கு இப்படி எழுதினேன்: அந்த மத்தியானம் மோன்வாபிசி, உங்களோடு, தண்ணீரில் இறங்காமல். கூட்டம் முடிந்த மறுநாள் விமானம் ராத்திரிதான், அன்று காலையில் கிளிஃப்டன், நான் மட்டும். மூத்த தோழரிடம் முதலாவதை மட்டும் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்ததும் ரெண்டாவதும் தெரிந்துவிடும்.

நேற்று அம்மா ஃபோனில் மறுபடி கேட்டது. வேலை ஒண்ணும் இல்லம்மா, சும்மா உக்காந்துட்டு வரப் போறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பழம்பொடவ ஒண்ணு மடிச்சு வெக்கிறேன், எடுத்துக்கினு போ. மணலு சுடும்" என்றது.