வலது கார்னரில் நின்ற அண்ணன்

ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு ராத்திரி கபடி நடக்கும். சில வருடங்களுக்கு முன், எந்த ஏழு பேரை இறக்குவது என்ற பேச்சில் நான் ஒரு எக்செல் ஷீட்டை நீட்டினேன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. பழைய ஆட்ட வீடியோக்களைப் பார்த்து யார் எத்தனை பிடித்தார், எத்தனை முறை கோட்டைவிட்டார் என்று எண்ணி வைத்திருந்தேன். கடைசி வரியில் வலது கார்னர் அண்ணன். வயது முப்பத்தெட்டு, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், முழங்காலில் எப்போதும் ஒரு கட்டு. ஐந்து ஆட்டத்தில் மூன்றே பிடி.

"அண்ணன உக்கார வெச்சர்லாம்" என்று எல்லார் முன்னாலும் நான்தான் சொன்னேன். அவர் ஷீட்டைப் பார்க்கவே இல்லை. "செரி தம்பி, பசங்க ஆடட்டும்" என்றார்.

அன்றைக்குத் தோற்றோம். ஒரு தோல்வியை வைத்து என் கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மனசு கேட்காமல் அதே வீடியோக்களை மறுபடி பார்த்தேன், இந்த முறை அண்ணனை மட்டும். எதிரணி ரைடர்கள் அவர் பக்கம் வருவதே அபூர்வம். கோட்டைத் தாண்டியதும் இடது பக்கம் ஒதுங்குகிறார்கள். அங்கே நிற்கும் சின்னப் பையனுக்குப் பிடி அதிகம் கிடைத்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. என் ஷீட்டில் அண்ணனின் சம்பாத்தியம் பையனின் பேரில் வரவாகியிருந்தது.

புரோ கபடியில் ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். அந்த நெருக்கடியை உண்டாக்கியவர் யார் என்று ஸ்கோர் சொல்லாது. பயந்து வராத ரைடரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

உடனே "அனுபவம்னா அனுபவந்தான்" என்று முடித்துவிடலாம். அதற்கு நல்ல சாட்சியும் உண்டு. தஞ்சாவூர் மண்ணின் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்த பிறகு, 2016இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பை வென்றார். அவரும் வலது கார்னர்தான். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். ஆனால் 2019இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் என்று பெரிய பெயர்களோடு இறங்கிய தமிழ் தலைவாஸ் கடைசி இடத்தில் முடித்தது. 2022இல் நரேந்தர், சாகர், சாஹில் மாதிரி இளைஞர்களை நம்பி ஆடிய அதே அணி அரையிறுதி வரை போனது. எண்ண முடியாததெல்லாம் பொக்கிஷம் என்றால், ஆட முடியாதவர்கூட அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

நாமக்கல் கோழிப்பண்ணையில் இந்தக் குழப்பம் கிடையாது. முட்டையிட்டு ஓய்ந்த கோழி கிலோ கணக்கில் விலைக்குப் போகும். மனிதர்கள் விஷயத்தில் நாம் இரண்டு கேள்விகளைப் போட்டுக் கலக்கிவிடுகிறோம். நாளைக்கு இவரால் என்ன ஆகும் என்பது ஒன்று. நேற்று செய்ததற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் "ஒன்றும் ஆகாது" என்றால் உட்கார வைப்பதுதான் நியாயம். நம் நன்றிக்கடனை வெளியே காத்திருக்கும் பையன் ஏன் அடைக்க வேண்டும்? ஆனால் உட்கார வைத்ததால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது. அண்ணனின் முழங்கால் எங்களுக்காக ஆடித் தேய்ந்தது.

இன்றைக்கு முடிவெடுக்கச் சொன்னாலும் ஒருவேளை அதே முடிவைத்தான் எடுப்பேன். ஆனால் முந்தின நாளே பட்டறைக்குப் போவேன். "ஏங்கண்ணா, அவனுங்க ஏன் உங்க பக்கமே வர மாட்டீங்கறாங்க?" என்று கேட்பேன். அவர் சொல்வதைப் பையனும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.

அன்று ராத்திரி ஆட்டம் முடிந்ததும், மைதானத்தில் கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது அவர்தான். என் ஷீட்டில் அதற்கும் கட்டம் இல்லை.